வெய்யில் நேரத்துப் பிழை

தொலைத்தொடர்புக் கோபுரங்களில் சமிக்ஞையை வாங்கும், புதிதாக வந்திருக்கும் ரிசீவர் பலகைகள் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்கின்றனவாம். சமிக்ஞை மங்கினால் அதற்கு ஏற்றபடி மாறிக்கொள்கின்றன. நேரம் பிசகினால் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன. நான் வேலை பார்த்த பிரிவில் இப்போது இருக்கும் பொறியியலாளர்கள் இருவர், போன மாதம் கோப்பாயில் என் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னார்கள்.

"அப்ப உங்கடை காலத்திலை பிட் பிழையளை எப்பிடி ஐயா பிடிச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார்.

தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஏதேதோ சொன்னேன். அவர்கள் போன பிறகுதான், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன் என்று தோன்றியது. என் வேலைக் காலத்தில் நான் கண்ட மிகக் கடினமான பிழையைப் பிடித்தது நான் அல்ல, வாசுகி மிஸ். அதை எழுதிவைக்க வேண்டும்.

என் சொந்தக் கதை நாலு வரியில் அடங்கிவிடும். மெதடிஸ்த பாடசாலையொன்றில் படித்துவிட்டுத் தொலைத்தொடர்பு வேலையில் சேர்ந்தபோது குரல் செப்புக் கம்பியில் போய்க்கொண்டிருந்தது. நான் ஓய்வுபெற்றபோது அது ஒன்றும் பூச்சியமுமாக ஒளியிலும் நுண்ணலையிலும் போனது. இடையில் சண்டை வந்தது, ஊர்விட்டு ஊர் ஓடினோம், திரும்பி வந்து கோபுரங்களை மறுபடியும் நிறுத்தினோம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

பிட் பிழை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எதிர்க் கோபுரத்திலிருந்து ஒன்றும் பூச்சியமும் நொடிக்குக் கோடிக்கணக்கில் வந்து விழும். ரிசீவர் ஒவ்வொன்றையும் அதற்குரிய கணத்தில் பார்த்து, இது ஒன்று, இது பூச்சியம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புப் பிசகினால் அது பிட் பிழை. கொஞ்சம் பிசகினால் ரிசீவரே கணக்குப் போட்டுத் திருத்திவிடும். வெளியில் யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் படம் உறைந்து நிற்கும், குரல் அறுந்து அறுந்து வரும்.

வாசுகி மிஸ் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தபோது நான் ஓய்வுக்குக் கிட்டவாக இருந்தேன். அவர் தொண்டைமானாற்றுக்காரி. தகப்பனும் தகப்பனின் தகப்பனும் கடலோடிகள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பதவியில் எனக்கு மேலே. என்னை "ஜெயம் அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். நான் "மிஸ்" என்பேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கருவி அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எச்சரிக்கை விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும், கொழும்பிலிருந்து தொலைபேசி அலறிக்கொண்டிருக்கும், அவர் அசையமாட்டார். எல்லாவற்றையும் பார்த்து, வேண்டியதை அளந்து முடித்த பிறகுதான் கைகள் முன்னுக்கு வரும்.

அவர் வந்த புதிதில் யாழ்ப்பாண நிலையத்தில் ஓர் இணைப்பு பிழை காட்டியது. நான் பலகையை மாற்றினேன். பிழை போய்விட்டது. கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப பழைய பலகையைத் திருப்பிப் போடுங்கோ அண்ணை" என்றார் மிஸ்.

"ஏன் மிஸ்? நல்லாத்தானே ஓடுது?"

"பலகைதான் பிழையெண்டால் திருப்பிப் போட்டவுடனை பிழை திரும்பி வரவேணும். வருதோ எண்டு பாப்பம்."

போட்டேன். பிழை வரவில்லை. பலகையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதைச் செருகும் இடத்தில்தான் தொடுப்பு இளகியிருந்தது; கழற்றிச் செருகியதில் தற்காலிகமாக இறுகியிருந்தது. புதிய பலகையோடு விட்டிருந்தால் அடுத்த கிழமையே திரும்பி வந்திருக்கும். "ஏன் போனதெண்டு தெரியாத பிழை போகேல்லை அண்ணை, ஒளிச்சிருக்குது" என்றார் அவர். இத்தனை ஆண்டு வேலை செய்த எனக்கு அது புதிதாக இருந்தது. அன்றிலிருந்து அவரோடு வேலைக்குப் போவதில் எனக்கு ஓர் உற்சாகம் வந்துவிட்டது.

இனித் தீவுக் கதை. குறிகட்டுவானில் படகேறிப் போகும் தீவுகளில் ஒன்று, பெயர் வேண்டாம். தீவின் தொலைபேசி, பாடசாலை, சிறிய ஆஸ்பத்திரி எல்லாமே கடலுக்கு மேலால் போகும் ஒரேயொரு நுண்ணலை இணைப்பில் தங்கியிருந்தன. அந்த இணைப்பின் வேகத்தைக் கூட்டிய பிறகு ஒரு வருத்தம் பிடித்தது. காலையில் சுகமாக இருக்கும். வெய்யில் ஏற ஏறப் பிழை ஏறும். உச்சி நேரத்தில் இணைப்பு இருந்தும் இல்லாததுதான். பொழுது சாயச் சரியாகிவிடும்.

எல்லோரும் கடலைத்தான் குற்றம் சொன்னோம். ஆழமில்லாத கடல் வெய்யிலில் கண்ணாடிபோலக் கிடக்கும். அதில் பட்டுத் தெறித்து வரும் அலை நேரே வரும் அலையோடு மோதிக் குழப்பும். புத்தகத்தில் உள்ள காரணம். கோபுரத்து அன்டெனாத் தட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், கேபிளை மாற்றினார்கள், தொடுப்புகளைத் துடைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கொழும்பில் முடிவெடுத்தார்கள்: வேகத்தைப் பாதியாகக் குறைப்பது. வெள்ளிக்கிழமை அதற்கு ஆட்கள் வருவார்கள்.

பாதி வேகத்தில் தொலைபேசி ஓடும். ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்து நிபுணர்களோடு வீடியோவில் கதைப்பதும், படங்கள் அனுப்புவதும் ஓடாது. தீவில் இருந்தது ஒரேயொரு டொக்டர், சின்ன வயசுக்காரர். அவர் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து, "அந்த வீடியோ இருக்கிற தைரியத்திலைதான் மிஸ் நான் இஞ்சை தனிய இருக்கிறன்" என்றாராம்.

மிஸ் கொழும்போடு கதைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பிழை திருத்தும் கணக்கையாவது கூட்டிவிட்டு விடயத்தை முடியுங்கள் என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

"ரிசீவர் திருத்துது எண்டுபோட்டு நாங்கள் சும்மா இருக்கேலாது சேர்" என்றார் மிஸ், குரலை உயர்த்தாமல். "அந்தத் திருத்தம் மழை நாளுக்குத் தேவை. வெய்யில் நாளிலையே அதைச் செலவழிச்சால் மாரிக்கு என்ன செய்யிறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குத் தாருங்கோ."

மறுநாள் காலைப் படகில் போனோம். சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்பைத் துவாயில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் அதன் கதை முடிந்தது.

கோபுரத்தடியில் இருந்த அறைக்குள் போனதும் மிஸ்ஸின் கைகள் பின்னால் போயின. வெய்யில் ஏறத் தொடங்கியிருந்தது. பிழை எண்ணும் கருவியில் இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்காமல், வந்து சேரும் சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடல் குழப்பினால் இது ஆடவேணும் அண்ணை. பாருங்கோ, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

பிறகு ஒசிலோஸ்கோப்பைப் பூட்டச் சொன்னார். ரிசீவருக்குள் வரும் ஆயிரக்கணக்கான பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழவிட்டால், ஒரு கண்ணின் வடிவம் தெரியும். எங்கள் தொழிலில் அதைக் கண் என்றுதான் சொல்வோம். கண் அகலத் திறந்திருந்தால் ரிசீவருக்கு ஒன்றையும் பூச்சியத்தையும் பிரித்தறிவது சுலபம். கண் மூடினால் பிழை. இதுவரை எனக்கும் தெரியும். சமிக்ஞை பலவீனமானாலோ இரைச்சல் கூடினாலோ மேலும் கீழும் இமை மூடுவதுபோல் மூடும். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

மிஸ் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இமை இறங்கேல்லை அண்ணை" என்றார் மெதுவாக. "கடைக்கண் ரெண்டும்தான் உள்ளுக்கு வருது."

அப்போதுதான் பார்த்தேன். மேலும் கீழும் கண் நன்றாகத் திறந்திருந்தது. இரண்டு பக்கங்களிலும்தான் கோடுகள் நடுங்கி, தடித்து, உள்ளே நெருங்கிக்கொண்டிருந்தன.

"சமிக்ஞை வடிவா வருது. எங்கடை ரிசீவருக்குத்தான் எப்ப பாக்கிறதெண்டு தடுமாறுது. அதுக்கு நேரம் சொல்லுற, உள்ளுக்கிருக்கிற மணிக்கூட்டை ஏதோ உலுப்புது. கடலிலை பிழையில்லை. பிழை இந்த அறைக்குள்ளை."

மாதக்கணக்காகக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு படத்தைச் சரியாகப் பார்த்ததில் அந்தக் கதை முடிந்துவிட்டது.

எது உலுப்புகிறது என்று அவர் ஊகிக்கவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். குளிரூட்டியை நிறுத்தினேன். பொறுத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. திரும்பப் போட்டேன். விளக்கை அணைத்தேன். மாற்றமில்லை. திரும்பப் போட்டேன். ஒரே நேரத்தில் இரண்டைத் தொட விடமாட்டார். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எண்ணும் கருவி திடீரென்று நின்றது. திரையில் கண் விரிந்தது.

"என்ன தொட்டனீங்கள் அண்ணை?"

"நான் ஒண்டும் தொடேல்லை மிஸ்."

"நானும் தொடேல்லை."

ஒருவரையொருவர் பார்த்தோம். அறை சற்று இருண்டிருந்தது. மிஸ் கதவைத் திறந்து வெளியே போனார். ஒற்றை மேகம் ஒன்று சூரியனை மறைத்துக்கொண்டு போனது. அதன் நிழல் அறைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற சோலர் தகடுகளின் மேல் கிடந்தது. நிழல் நகர்ந்து முடிய உள்ளே இலக்கங்கள் மறுபடியும் ஓடின.

சோலர் தகடுகளிலிருந்து பற்றரியை ஏற்றும் சார்ஜர் பெட்டி, மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டி வெட்டித்தான் கொடுக்கும். அந்த வெட்டின் நடுக்கம் வயர் வழியாக ரிசீவர் பலகைக்குள் போய் அதன் மணிக்கூட்டை உலுப்பியது. வெய்யில் கூடக் கூட நடுக்கம் கூடியது. ஆனால் சோலர் பூட்டிய நாளில் பிழை வரவில்லை. வேகம் குறைவாக இருந்ததால் ரிசீவர் அந்த நடுக்கத்தைத் தாங்கியது. வேகத்தைக் கூட்டியதும் ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கிவிட்டது. அதனால்தான் யாரும் சோலரைச் சந்தேகிக்கவில்லை.

"இது என்ரை எண்ணம் மட்டும்தான்" என்றார் மிஸ். "நிரூபிக்கவேணும்."

சோலரைத் துண்டிக்கும் சுவிட்சைத் திருகிப் பார்த்தேன். உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. உச்சி வெய்யிலில் வயரைக் கழற்றினால் நெருப்புப் பறக்கும். என்ன செய்யலாம் என்று கதைத்துக்கொண்டிருந்தபோது, வீதிக்கு அங்கால் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி ஓடி வந்தார்.

"மிஸ், டொக்டர் கேட்டுவிட்டவர். லைனைக் கொஞ்ச நேரத்துக்காவது சரியாக்கேலாதோ? மரியதாஸ் அண்ணைக்கு நெஞ்சு நோ. பெரிய டொக்டரோடை கதைக்க ஏலாமல் இருக்குது. படம் அப்பிடியே நிக்குது."

மரியதாஸ் அந்தத் தீவின் மீன்பிடிகாரர். மாரடைப்பு என்பது டொக்டருக்குத் தெரிந்துவிட்டது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி கையில் இருந்தது. ஆனால் சில மாதங்களுக்கு முன்னர்தான் மரியதாசுக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஊசி போட்டால் மறுபடியும் கசியலாம். போடாவிட்டால் இதயம் நிற்கலாம். யாழ்ப்பாணத்து இதய நிபுணர் ஈசிஜியையும் ஆளையும் பார்த்துச் சொல்ல வேண்டும். படகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை தாங்குமோ தெரியாது. வேகத்தைக் குறைக்கவும் நேரமில்லை. அதற்கு இரண்டு கரையிலும் இணைப்பை அறுத்து மீண்டும் எழுப்ப வேண்டும்.

மிஸ் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"அண்ணை, நீங்கள் உள்ளை நிண்டு இலக்கத்தைப் பாத்துச் சத்தமாச் சொல்லுங்கோ" என்றவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கரைப்பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"அண்ணைமார்! படங்கு இருக்கோ, படங்கு? எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ! உங்கடை மரியதாசுக்குத்தான்!"

கடலோடிகளின் பிள்ளை அல்லவா, அந்தக் குரல் கரை முழுக்கக் கேட்டது. படகுகளையும் வலைகளையும் மூடிவைத்திருந்த நீலப் படங்குகளை இழுத்துக்கொண்டு ஆண்களும் பெண்களுமாக வந்தார்கள். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சோலர் தகடுகள்மேல் படங்கை விரித்தால் கடலிலிருந்து வீசிய கச்சான் காற்று தூக்கி எறிந்தது. முருகைக் கற்களை விளிம்பில் வைத்தார்கள். போதவில்லை. கடைசியில் ஆட்களே மூலைகளைப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள்.

நான் உள்ளே நின்று கத்தினேன். "குறையுது மிஸ்! இன்னும் ஓடுது!"

"அந்தக் கரைத் தகடு தெரியுது! இழுங்கோ அண்ணை, இழுங்கோ!"

இலக்கங்கள் தளர்ந்தன. ஒன்று, பிறகு ஒன்று. பிறகு நின்றுவிட்டன. திரையில் கண் அகலமாக விழித்துக்கொண்டு நின்றது.

"நிண்டிட்டுது மிஸ்! பூச்சியம்!"

வெளியே வந்து பார்த்தேன். மிஸ் ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்தபடி, மற்றவர்களோடு மற்றவராக வெய்யிலில் குந்தியிருந்தார். தாதி மறுபடியும் வீதியைக் கடந்து வந்து, "ஊசி போட்டாச்சு, பெரிய டொக்டர் பாத்துச் சொன்னவர்" என்று சொல்லும்வரை அவர் பிடியை விடவில்லை. கடற்படைப் படகு வந்து மரியதாசை ஏற்றிக்கொண்டு போனது. டொக்டர் கூடவே போய் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பின்னேரம் திரும்பி வந்தார்.

"படம் கண்ணாடிக்குள்ளாலை பாக்கிற மாதிரித் தெளிவா இருந்தது மிஸ்" என்றார்.

மறுநாள் உச்சி வெய்யிலில் மிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய், "கொஞ்ச நேரம் லைன் இல்லாமல் சமாளிப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டு வந்து, படங்கை எடுக்கச் சொன்னார். உதவிக்கு நின்ற மீன்பிடிகாரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பிள்ளை, நல்லா இருக்கிறதை ஏன் குழப்புறாய்?"

"ஒருக்கா நிண்டது தற்செயலாவும் இருக்கலாம் அண்ணை. பிழையை நாங்கள் கூப்பிட்டால் வரவேணும், போ எண்டால் போகவேணும். அப்பதான் பிடிபட்டதெண்டு அர்த்தம்."

எடுத்தோம், பிழை வந்தது. மூடினோம், போனது. மறுபடி எடுத்தோம், வந்தது. கோபப்பட்ட மனிதர் மூன்றாந்தரம் தானாகவே வந்து என்னோடு கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் தகடுகளை மூடியே வைத்திருக்க முடியாது, பற்றரி இறங்கிவிடும். சோலர் பூட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் ஆள் ரகு அன்றைக்கே அழைக்கப்பட்டு வந்தார். பழி தன்மேல் விழப்போகிறது என்ற பயம் முகத்தில் எழுதியிருந்தது. வந்ததும் வராததுமாக, "மிஸ், எங்கடை பெட்டி சோதிச்சுத்தான் அனுப்பினது" என்று தொடங்கினார்.

"உங்கடை பெட்டியிலை பிழையில்லைத் தம்பி. எங்கடை பலகையிலையும் பிழையில்லை. ரெண்டையும் ஒரே வயரிலை கட்டி வைச்சதுதான் பிழை. வாங்கோ, ரெண்டு பேருமாப் பிரிப்பம்."

ரகுவின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். அந்த மனிதர் அதன் பிறகு செய்த வேலையைச் சொல்லி முடியாது. ரிசீவருக்கு மின்சாரம் வரும் வயரைத் தனியாகப் பிரித்து நேரே பற்றரியிலிருந்து இழுத்தோம். நடுக்கத்தைக் குடித்துவிடும் சுருளும் கப்பாசிற்றர்களும் சேர்ந்த ஒரு வடிகட்டியை இடையில் வைத்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிலத்துக்கு இறங்கிய எர்த் வயர்களை ஒரே இடத்தில் சேர்த்தோம். ஒவ்வொன்றும் முடிய மிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து கண்ணைப் பார்ப்பார். ஒவ்வொரு தரமும் கடைக்கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. அந்த வேலைக்காக இணைப்பை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியிருந்தது; தீவில் தொலைபேசிகள் அடிக்கடி அறுந்தன. ஏச்சும் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை வேகத்தைக் குறைக்க ஆட்கள் வந்தார்கள். மிஸ் அவர்களோடு வாதாடவில்லை. கதிரை போட்டு இருத்தினார். உச்சி வெய்யில் கொளுத்தியது. தகடுகள் திறந்து கிடந்தன. ரிசீவர் திருத்துவதற்கு முன்னால் வரும் பிழையை எண்ணும் இலக்கம்கூடப் பூச்சியத்தில் நின்றது. அவர்களின் தலைவர் கருவி வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். மிஸ் சிரிக்காமல், "எங்கடை வயரைக் கழற்றிப் பழையபடி போட்டுக் காட்டவோ சேர்?" என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டு, அந்தக் கண்ணைத் தன் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார். வேகம் குறைக்கப்படவில்லை.

இன்னும் சில நாள் பார்த்துவிட்டு நாங்களும் புறப்பட்டோம். இறங்குதுறையில் படகுக்காக நின்றபோது, வந்த படகிலிருந்து ஒரு மனிதர் மனைவியின் தோளைப் பிடித்தபடி இறங்கினார். கரையில் நின்றவர்கள் "மரியதாஸ் அண்ணை, மரியதாஸ் அண்ணை" என்று சூழ்ந்துகொண்டார்கள். எங்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது. எங்கள் பெட்டிகளைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்கள் ரெலிபோன் ரவர் ஆக்களோ?"

"ஓம் அண்ணை" என்றார் மிஸ்.

"நல்ல வேலைதான் செய்யிறியள். நான் ஆஸ்பத்திரியிலை கிடந்த நேரம் இஞ்சை நிண்ட மனிசியோடை ஒழுங்கா ஒரு வார்த்தை கதைக்க வழியில்லை. எடுக்க எடுக்க அறுந்துபோகுது. உதை ஒருக்காத் திருத்தினால் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். அவருக்கு ஒரேயொரு விடயத்தையாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. மிஸ் என் பக்கம் திரும்பாமலே முந்திக்கொண்டார்.

"திருத்தியாச்சு அண்ணை. இனி அறாது."

"பாப்பம், பாப்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் நடந்தார். மணலில் கால் புதையும் இடத்தில் மனைவி பிடிக்க வந்தார். கையைத் தட்டிவிட்டுத் தானே ஏறினார். வீதி வளைவில் மறையும்வரை மிஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். படகுக்காரர் எங்களைக் கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

"நல்லா நடக்கிறார், என்ன அண்ணை?" என்றார்.